விஷத்துக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம்



நான் வேதியியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, பாலாற்றங்கரையில் ஒரு சிற்றூரின் கிணறுகளிலிருந்து மாணவர்களோடு நீர் எடுத்துச் சோதித்தோம். முடிவுகளைத் தாளில் அச்சிட்டு ஊராரிடம் கொடுக்கப் போனோம். குரோமியம் இவ்வளவு, கரைந்த உப்பு இவ்வளவு, கடினத்தன்மை இவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தன. ஒரு மூதாட்டி அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இதெல்லாம் இருக்கட்டும் வாத்தியாரே. இந்தத் தண்ணிய மாட்டுக்குக் காட்டலாமா, கூடாதா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குடிநீருக்கான வரம்பு எனக்குத் தெரியும். கால்நடைக்கான வரம்பு தெரியாது. அவருடைய மாடு ஒரு நாளைக்கு எத்தனை குடம் குடிக்கும், வேறு எங்கே தண்ணீர் கிடைக்கும், கோடையில் அளவு எவ்வளவு ஏறும் என்பதும் தெரியாது. “கேட்டுச் சொல்கிறேன் அம்மா” என்று வந்தேன். இன்று எடுத்துக்கொண்ட பொருளுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கேள்விதான். அதைப் போன்ற கேள்விகளுக்குப் பதில் தேடுவதையே கடமையாக ஏற்ற பல்கலைக்கழக மையங்கள் அமெரிக்காவில் 1989 முதல் இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக இயங்கின. அபாயப் பொருள் ஆய்வு மையங்கள் என்பது அவற்றின் பெயர். அவை எப்படிப் பிறந்தன, எதைச் சாதித்தன, ஏன் மறைந்தன என்பதை இந்த அவையின் முன் வைக்க விரும்புகிறேன்.

கதை நயாகரா அருவிக்குப் பக்கத்து ஊரில் தொடங்குகிறது. அங்கே லவ் கால்வாய் என்று ஒரு கால்வாய். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டத் தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்டது. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் என்ற நிறுவனம் ஏறத்தாழ 21,000 டன் இரசாயனக் கழிவை அதில் கொட்டி, மேலே மண் மூடியது. பிறகு அந்த நிலத்தை உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. அங்கே ஒரு தொடக்கப் பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1970களின் இறுதியில் மழையும் பனியும் மிகுந்தபோது, நிலவறைச் சுவர்களில் கறுப்புக் குழம்பு கசியத் தொடங்கியது.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய் தன் மகனின் உடல்நலத்துக்கு அஞ்சி வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டினார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அவருக்குத் துணை நின்ற பெவர்லி பேஜன் என்ற அறிவியலாளரை அவ்வளவு பேருக்குத் தெரியாது. பக்கத்து நகரமான பஃபலோவில் ஒரு புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். பெண்கள் திரட்டிய தகவல்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. முன்பு சிற்றோடைகள் ஓடித் தூர்ந்துபோன தடங்களின் மேல் அமைந்த வீடுகளில்தான் நோய் செறிந்திருந்தது. தூர்ந்த ஓடையின் தடம் எதுவென்று தலைநகர அதிகாரிக்குத் தெரியாது. அங்கேயே வாழ்ந்த கிழவர்களுக்குத் தெரியும். அந்த அறிவையும் மருத்துவப் புள்ளிவிவரத்தையும் ஒன்றாக்க, பக்கத்து ஊரில் ஓர் அறிவியலாளர் தேவைப்பட்டார். மாநில அரசு அந்தக் கணக்கெடுப்பை மதிக்கவில்லை. பேஜன் வேலை பார்த்த நிறுவனமோ அதே மாநில அரசின் சுகாதாரத் துறைக்கு உட்பட்டது. உண்மையைச் சொன்னதற்காக அவர் பணியிடத்தில் தொல்லைப்பட்டார்.

இந்த நிகழ்ச்சியில் என் பேச்சின் சாரம் முழுவதும் இருக்கிறது. நச்சு மண்ணைப் புரிந்துகொள்ள அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆய்வாளர் வேண்டும். அவர் யாருக்கும் அஞ்சாமல் பேசும் நிலையிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர வாய்ப்பது அரிது.

1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் லவ் கால்வாயில் நெருக்கடி நிலையை அறிவித்தார். 1980 டிசம்பரில் சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும் சட்டம் வந்தது. மாசுபடுத்தியவர் சுத்தப்படுத்த வேண்டும். அவர் ஓடிப்போயிருந்தால் அல்லது நொடித்துப்போயிருந்தால் ஒரு பொது நிதியிலிருந்து சுத்தப்படுத்தப்படும். அந்த நிதி பெரும்பாலும் கச்சா எண்ணெய் மீதும் மூல இரசாயனங்கள் மீதும் போட்ட வரியிலிருந்து வந்தது. முதல் ஐந்தாண்டுக்கு 160 கோடி டாலர்.

பணம் இருந்தது. எப்படிச் சுத்தப்படுத்துவது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அன்றைக்குப் பெரிதும் கையாண்ட வழிகள் இரண்டு. ஒன்று, மண்ணைத் தோண்டி வேறிடத்தில் புதைப்பது. அதாவது விஷத்தின் முகவரியை மாற்றுவது. மற்றொன்று, நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைத்து, மேலே சுத்திகரிப்பது. இந்த இரண்டாவது வழியை அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு பின்னர் மதிப்பிட்டது. 1994இல் வந்த அறிக்கையில், பார்த்த 77 இடங்களில் 69 இடங்கள் இலக்கை எட்டவில்லை என்று எழுதியது. ஆண்டுக்கணக்கில் இறைத்தும் பயனில்லை.

1986 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. நிதி 850 கோடி டாலராக உயர்ந்தது. இந்தத் திருத்தச் சட்டத்துக்கும் நமக்கும் ஒரு துயரமான தொடர்பு உண்டு. அதன் மூன்றாம் பகுதி போபால் நச்சுவாயு விபத்துக்குப் பிறகு எழுந்த அச்சத்தில் எழுதப்பட்டது. எந்த ஆலையில் என்ன இரசாயனம் இருக்கிறது என்று அறியும் உரிமையை அமெரிக்கக் குடிமக்களுக்கு அது தந்தது. போபால் மக்களின் சாவு வேறொரு நாட்டு மக்களுக்கு உரிமையாயிற்று. ஆனால் போபாலில் விபத்து நடந்த ஆலையின் வளாகத்தில் கிடந்த 337 டன் கழிவு 2025இல்தான் பீதம்பூருக்குக் கொண்டுபோய் எரித்து முடிக்கப்பட்டது. அங்கே மண்ணும் நிலத்தடி நீரும் இன்னும் சுத்தமாகவில்லை.

அதே திருத்தத்தின் 311ஆம் பிரிவில்தான் பல்கலைக்கழக ஆய்வு மையங்களுக்கு வழி பிறந்தது. ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் மையங்கள் அமைய வேண்டும். செலவில் 80 விழுக்காட்டுக்கு மேல் நடுவண் அரசு தராது; மீதியைப் பல்கலைக்கழகம் வேறிடத்தில் திரட்ட வேண்டும். மையம் அமையும் இடம் தன் வட்டாரத்தின் தேவைகளைப் பிரதிபலிக்கும் மாநிலமாக இருக்க வேண்டும். ஆய்வோடு பயிற்சியும், கண்டறிந்ததை மக்களிடம் கொண்டுசேர்ப்பதும் கடமை. இன்னொரு நிபந்தனையையும் அந்தப் பிரிவில் எழுதியிருக்கிறார்கள்: இந்தப் பணத்தில் நிலம் வாங்கக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது. இருக்கும் ஆய்வுக்கூடத்தில், இருக்கும் மனிதர்களைக் கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். துணைவேந்தர்களும் அரசுச் செயலர்களும் இந்த ஒரு வரியை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நாட்டைப் பத்து வட்டாரங்களாகப் பிரித்திருந்தது. இரண்டு வட்டாரத்துக்கு ஒன்று என்று 1989 முதல் ஐந்து மையங்கள் இயங்கின. வடகிழக்குக்கு நியூஜெர்சி தொழில்நுட்ப நிறுவனம். பேரேரிகள் பகுதிக்கும் நடு அட்லாண்டிக் பகுதிக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் கறுப்பின மக்களின் ஹோவர்டு பல்கலைக்கழகமும். தெற்குக்கு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் ரைஸும். பெருஞ்சமவெளிக்கும் ராக்கி மலைகளுக்கும் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பல பல்கலைக்கழகங்கள். மேற்குக்கு ஸ்டான்ஃபோர்டும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும். ஒவ்வொன்றுக்கும் முகமை தந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர். அந்த நாட்டுக் கணக்கில் அது சிறு தொகைதான்.

அந்தச் சிறு தொகையில் என்ன நடந்தது என்பதற்கு மேற்கு மையத்தின் கதையைச் சொல்கிறேன். எனக்கு அது மிகவும் பிடித்தமானது. ஒரு வேதியியல்காரன் அதில் கொஞ்சம் மயங்கிப்போவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரைகுளோரோஎத்திலீன் என்று ஒரு கரைப்பான். எண்ணெய்ப் பிசுக்கை நொடியில் எடுத்துவிடும். விமானத் தளங்களும் மின்னணு ஆலைகளும் பல பத்தாண்டுகள் அதை வாளி வாளியாகப் பயன்படுத்தி மண்ணில் ஊற்றின. நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. எனவே நிலத்தடி நீரில் மிதக்காமல் அடிக்குப் போய்க் களிமண் இடுக்குகளில் தங்கிவிடும். அங்கிருந்து ஆண்டாண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இறைத்துத் தீராததன் காரணம் இதுதான். அமெரிக்கக் குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் போதும், 2 லட்சம் லிட்டர் நீரை வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்த. 208 லிட்டர் கொள்ளும் ஒரு பீப்பாய் என்றால் ஏறத்தாழ 6,000 கோடி லிட்டர்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வாழும் சன்னிவேல், மவுண்டன் வியூ ஆகிய ஊர்களின் நிலத்தடியில் இந்த இரசாயனம் பரவியிருக்கிறது. அந்த ஊர்கள் அடங்கிய சாண்டா கிளாரா மாவட்டத்தில் 23 சூப்பர்ஃபண்ட் இடங்கள். அமெரிக்காவில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு இல்லை. ஸ்டான்ஃபோர்டு அதே மாவட்டத்தில் இருக்கிறது. அதனால் பெர்ரி மெக்கார்ட்டி, பால் ராபர்ட்ஸ், லூயிஸ் செம்ப்ரினி முதலிய ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்துக் குடுவையை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த மோஃபெட் ஃபீல்டு விமானத் தளத்து நிலத்தையே ஆய்வுக்கூடமாக்கினார்கள்.

மண்ணில் மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு. மீத்தேனை உடைக்க அவை ஒரு நொதியை உருவாக்குகின்றன. அந்த நொதி ஆளறியாமல் பக்கத்தில் வந்த டிரைகுளோரோஎத்திலீனையும் உடைத்துவிடுகிறது. அதனால் நுண்ணுயிருக்கு எந்தப் பயனும் இல்லை. சமையற்காரர் விறகு பிளக்கும்போது பக்கத்தில் கிடந்த பழைய நாற்காலிக் காலும் துண்டாவதைப் போன்ற செயல் அது. அப்படியானால் மண்ணுக்குள் மீத்தேனும் ஆக்சிஜனும் செலுத்தினால் அங்கே ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்கள் பெருகி வேலையைச் செய்யுமா? செலுத்திப் பார்த்தார்கள். நீக்கம் 20, 30 விழுக்காடுதான். மீத்தேனுக்குப் பதிலாக ஃபீனாலையும் டொலுயினையும் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு நுண்ணுயிர்கள் பெருகின. நீக்கம் 90 விழுக்காட்டைத் தாண்டியது.

இதன் துணிச்சலைக் கவனியுங்கள். டொலுயினே ஒரு மாசுப்பொருள். நிலத்தடி நீரைச் சுத்தப்படுத்த நிலத்தடி நீரில் ஒரு மாசுப்பொருளைச் செலுத்த அனுமதி வேண்டும் என்று கேட்டால் எந்த அதிகாரி கையெழுத்திடுவார்? பல ஆண்டுக் களச் சோதனையின் எண்கள் கையில் இருந்ததால் அனுமதி கிடைத்தது. 1990களின் நடுவில் கலிபோர்னியாப் பாலையில் உள்ள எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் முழு அளவில் செய்தார்கள். அங்கே 1958 முதல் 1967 வரை எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் என்ஜின்களைக் கழுவ, மாதம் ஏறத்தாழ ஒரு பீப்பாய் டிரைகுளோரோஎத்திலீன் செலவாகியிருந்தது. இரண்டு கிணறுகள் தோண்டினார்கள். ஒன்று மேல் நீர்ப்படுகையிலிருந்து கீழ்ப்படுகைக்கு நீரைத் தள்ளியது, மற்றொன்று கீழிருந்து மேலே. நீர் தரைக்கு வரவே இல்லை. நிலத்துக்குள்ளேயே சுழன்றது. டொலுயினை இடைவெளி விட்டு விட்டுக் கொடுத்தார்கள். தொடர்ந்து கொடுத்தால் நுண்ணுயிர்கள் கிணற்றோரத்திலேயே பெருகி வாயை அடைத்துவிடும். ஓராண்டுக்கு மேல் நடந்த அந்தச் சோதனையில் டிரைகுளோரோஎத்திலீன் 97 விழுக்காட்டுக்கு மேல் நீங்கியது. செலுத்திய டொலுயினும் கிட்டத்தட்ட முழுவதும் தின்று தீர்க்கப்பட்டது. 2007இல் மெக்கார்ட்டிக்கு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது.

வேறு வட்டாரங்களுக்கு வேறு துன்பங்கள். லூசியானாவில் ஆறும் சதுப்பும்தான் நிலம். ஆலைகள் விட்ட நச்சு ஆற்றடிச் சேற்றில் படிந்திருந்தது. அதைத் தோண்டினால் கலங்கி மேலும் பரவும். மணல் போட்டு மூடலாமா என்று டேனி ரைபிளும் அவருடைய குழுவும் ஆராய்ந்தார்கள். சேற்றுக்குள் வாழும் மெல்லிய புழுக்கள்தான் அந்த ஆய்வின் நாயகர்கள். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் தீனியாக வாங்கிப் போடும் அதே வகைப் புழு. அது அடியில் தின்று மேலே கழிக்கிறது. புதைந்த நச்சைத் தன் வயிற்றில் சுமந்து மேலே கொண்டுவருகிறது. எனவே மணல் மூடி அந்தப் புழு எட்டும் ஆழத்தைவிடத் தடிமனாக இருக்க வேண்டும். ஆற்றோரத்தில் முழங்கால் சேற்றில் நின்றவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்.

கேன்சஸில் தானியக் களஞ்சியங்களுக்குப் பூச்சி வராமல் இருக்க, பல ஆண்டுகள் கார்பன் டெட்ராகுளோரைடு புகையூட்டினார்கள். அது சிற்றூர்க் குடிநீர்க் கிணறுகளில் இறங்கியது. களைக்கொல்லி தெளித்த வயல்களிலிருந்து அட்ரசின் வடிந்தது. அங்கே லாரி எரிக்சன் தலைமையில் இயங்கிய மையம் மரங்களையும் குதிரைமசாலையும் நம்பியது. அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த அயோவா பல்கலைக்கழகத்து ஜெரால்டு ஷ்னூர், ஆழ வேர்விட்டு ஏராளமாக நீர் குடிக்கும் பாப்லர் மரங்களை வயலோரம் நட்டு, ஓடைக்குப் போகும் நச்சைத் தடுத்துக் காட்டினார்.

2001 வாக்கில் மையங்கள் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அப்போது பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தலைமையில் நகர்ப்புற நச்சுக்கென்றே ஒரு மையமும், கொலராடோவில் சுரங்கக் கழிவுக்கென்றே ஒரு மையமும் சேர்ந்தன. கைவிட்ட சுரங்கங்களிலிருந்து வடியும் அமிலநீரை மரச்சீவலும் வைக்கோலும் சாணமும் நிரப்பிய தொட்டிகளின் வழியே விட்டு, உள்ளே வளரும் நுண்ணுயிர்களைக் கொண்டு உலோகங்களைப் படியவைக்கும் முறை கொலராடோவில் ஆராயப்பட்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது வேறொரு வேலை. அதற்கு ஆய்விதழில் இடம் கிடைக்காது. பதவி உயர்வுக்கும் உதவாது.

சூப்பர்ஃபண்ட் இடத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அரசு பெட்டி பெட்டியாக ஆவணங்கள் தருகிறது. அவற்றைப் படித்துச் சொல்ல வல்லுநர் ஒருவரை அமர்த்திக்கொள்ள 50,000 டாலர் வரை உதவித்தொகை பெறவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்குச் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும், தங்கள் பங்கைச் சேர்க்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். ஏழை ஊர்களால் முடியவில்லை. 1990களின் நடுவிலிருந்து இந்த மையங்கள் ஊர்களுக்குத் தொழில்நுட்ப உதவி என்ற பணியைத் தொடங்கின. கட்டணம் கிடையாது. ஊரார் அழைத்தால் பேராசிரியரும் மாணவர்களும் போவார்கள். ஆவணங்களைப் படிப்பார்கள். மாலையில் தேவாலயக் கூடத்திலோ பள்ளி உணவறையிலோ உட்கார்ந்து, என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று விளக்குவார்கள். ஊருக்காக வழக்காட மாட்டார்கள். அரசுக்காகவும் ஆலைக்காகவும் பேசவும் மாட்டார்கள். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வது மட்டுமே அவர்களுடைய வேலை.

பழங்குடி மக்களுக்கென்று இதில் ஒரு தனிக் கிளை இருந்தது. கேன்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரிலுள்ள ஹாஸ்கெல் பழங்குடிப் பல்கலைக்கழகத்தில் அது அமைந்தது. 1884இல் அந்த நிறுவனம் தொடங்கியபோது பழங்குடிக் குழந்தைகளின் மொழியையும் வழக்கத்தையும் மாற்றுவதே அதன் நோக்கம். நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே வளாகத்திலிருந்து, பழங்குடி மக்களின் மண்ணில் கலந்த நச்சைப் பற்றி அவர்களுக்கு விளக்க அறிவியலாளர்கள் புறப்பட்டார்கள். இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பாலாற்றங்கரை மூதாட்டிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இவர்களிடம்தான் கற்றேன். “இன்றைக்கு இந்தக் கிணற்றில் இருக்கும் அளவு இது. மாட்டுக்கான வரம்பைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து சொல்கிறேன். அதுவரை அடுத்த தெருக் கிணற்று நீரைக் காட்டுங்கள்.” மூன்று வாக்கியம். முப்பது ஆண்டுகள் கற்பித்த எனக்கு அந்த நேரத்தில் அவை வரவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மீதி 20 விழுக்காட்டுப் பணத்தின் ஒரு பகுதி தொழில் நிறுவனங்களிடமிருந்தும் வந்தது. மாசுபடுத்திய துறையின் பணத்தில் மாசைப் பற்றிய ஆய்வு நடந்தால் ஊரார் ஐயப்படுவது இயல்பு. ஆய்வுக்கு ஒன்று, பயிற்சிக்கும் பரப்புதலுக்கும் ஒன்று என ஒவ்வொரு மையத்துக்கும் இரண்டு வெளி ஆலோசனைக் குழுக்களை அமைத்துத் திட்டங்களைச் சோதித்தார்கள். அது போதுமான காப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆலைப் பணத்தை வரியாக வாங்கிப் பொது நிதியில் சேர்த்து அங்கிருந்து கொடுப்பதே நேர்மையான வழி. சூப்பர்ஃபண்டின் மூலக் கருத்தே அதுதானே.

அந்த மூலக் கருத்துதான் முதலில் உடைந்தது. எண்ணெய், இரசாயன வரி 1995 டிசம்பர் 31ஆம் நாள் காலாவதியானது. நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. சேர்த்து வைத்த நிதி 2003 வாக்கில் வற்றியது. பொது வரவுசெலவிலிருந்து ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் நிலை வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மையங்கள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன. ஊர்களுக்கு உதவும் பணியின் ஒரு கிளை மட்டும், கைவிட்ட தொழில் நிலங்களை மீட்கும் ஊர்களுக்கான உதவியாகக் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்றும் தொடர்கிறது.

விஷத்துக்கு நிதியாண்டு கிடையாது. 2015 ஆகஸ்டில் கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கத்தில், சுற்றுச்சூழல் முகமையின் ஒப்பந்ததாரர்களே வேலை செய்துகொண்டிருந்தபோது அடைப்பு உடைந்தது. ஏறத்தாழ 30 லட்சம் கேலன் அமிலநீர் அனிமாஸ் ஆற்றில் பாய்ந்து ஆறு மஞ்சளாகியது. கீழே நவஹோ பழங்குடியினர் தங்கள் வயல்களின் மதகுகளை அடைத்தார்கள். சுரங்கக் கழிவுக்கென்றே கொலராடோவில் இருந்த மையம் அப்போது மூடிக் கிடந்தது. அது இருந்திருந்தால் விபத்து நடந்திராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் “இந்தத் தண்ணியக் காட்டலாமா?” என்று கேட்கும் நவஹோ ஆட்டிடையனுக்குப் பதில் சொல்ல, அந்த மலைகளை அறிந்த ஒரு கூட்டம் ஆயத்தமாக இருந்திருக்கும். இரசாயன வரி 2021ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், எண்ணெய் வரி 2022ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் திரும்ப வந்துவிட்டன. மையங்கள் அந்த உருவில் திரும்ப வரவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கே மலையாகக் கிடந்ததை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்றில் ராணிப்பேட்டையின் பெயர் வந்தது. ஆறாம் நிலைக் குரோமியம் நீரில் மஞ்சளாகக் கரைந்து ஓடும், புற்றுநோய் தரும். மூன்றாம் நிலைக் குரோமியம் பெரும்பாலும் கரையாமல் மண்ணோடு தங்கிவிடும். முன்னதைப் பின்னதாக மாற்ற இரும்புத்தூள் போதும் என்பது இளங்கலை மாணவருக்கே தெரிந்த வேதியியல். வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் 1996இல், சுற்றுச்சூழல் முகமையின் சொந்த ஆய்வுக்கூடமும் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகமும் சேர்ந்து, 46 மீட்டர் நீளமும் 7 மீட்டர் ஆழமும் உள்ள இரும்புத்தூள் சுவரை மண்ணுக்குள் எழுப்பி, ஓடிவரும் குரோமியத்தை அங்கேயே நிறுத்திக் காட்டின.

அதை அப்படியே ராணிப்பேட்டையில் செய்துவிடலாமா? முடியாது. எலிசபெத் சிட்டி ஆற்றோர மணல். நீர் ஒரு முகமாக மெல்ல நகரும், சுவருக்குள் புகும். ராணிப்பேட்டையில் அடியில் கடும்பாறை. நீர் பாறை வெடிப்புகளின் வழியே ஓடும், எந்த வெடிப்பு எங்கே போகிறது என்று தெரியாமல் எழுப்பும் சுவரை அது சுற்றிக்கொண்டு போய்விடும். பருவமழை சில மாதங்களில் கொட்டித் தீர்க்கும், மீதி மாதங்கள் வறளும். நம் பாறையையும் நம் மழையையும் பத்து, பதினைந்து ஆண்டுகள் அளந்துகொண்டே இருக்கும் குழு ஒன்று அங்கேயே இருந்தால்தான் வழி தெரியும். அந்தக் கழிவு மலையிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் எத்தனை கல்லூரிகள், எத்தனை வேதியியல் துறைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

2025 ஜூலையில் நடுவண் அரசு மாசுபட்ட நிலங்களுக்கென்று முதன்முறையாகத் தனி விதிகளை வெளியிட்டது. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு நடக்க வேண்டும். இதற்கு ஆய்வு நிறுவனங்களின் துணையைக் கொள்ள அந்த விதிகளில் இடம் இருக்கிறது. அந்த இடத்தை வெளியூர் ஆலோசனை நிறுவனங்கள் நிரப்பட்டும் என்று நம் பல்கலைக்கழகங்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது.

துணைவேந்தர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். புதுக் கட்டடம் கேட்கவில்லை. வேதியியல் துறையில் ஓர் அறையை ஒதுக்குங்கள். நிலவியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் தெரிந்தவர்கள் சனிக்கிழமை தோறும் அங்கே வரட்டும். நீர்ப்புட்டியோடு யார் வந்தாலும் கட்டணமின்றிச் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி, வாயாலும் சொல்லி அனுப்புவோம். ஒவ்வொரு கிணற்றின் எண்ணும் ஒரே பதிவேட்டில் ஆண்டுதோறும் ஏறட்டும். இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்காக எனக்குத் தரும் மதிப்பூதியத்தை அந்த அறையின் முதல் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரும் கல்வியாண்டிலேயே தொடங்கினால், சனிக்கிழமைகளில் நான் வந்து உட்காருகிறேன்.